கஜக் கணக்கு: தொழில்முறை கோல்ஃபில் தூரம் அளந்த வரலாறு

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடிப்பதற்கு முன் வீரர் அறிய வேண்டிய முதல் விவரம் தூரம். பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழி 148 கஜத்தில் இருக்கிறதா, 156 கஜத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பையிலுள்ள 14 கிளப்புகளில் எதை எடுப்பது என்பது முடிவாகிறது. தொழில்முறை வீரர் ஒருவர் அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு அயர்ன் கிளப்புகளால் அடிக்கும் தூரங்களுக்கு இடையே ஏறத்தாழ 10 முதல் 15 கஜம் வரைதான் வேறுபாடு இருக்கும். கணிப்பு ஏழெட்டு கஜம் பிசகினால் பந்து, குழி அமைந்த மென்புல்தளமான கிரீனைத் தாண்டிப் புல்புதரில் விழும், அல்லது முன்னாலுள்ள பங்கர் என்ற மணற்குழியில் புதையும். கோப்பையும் பரிசுப் பணமும் பல நேரங்களில் அந்த ஏழெட்டு கஜத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

இந்த எண்ணை வீரர் எப்படி அறியலாம் என்பதில் ஆட்டத்தின் மரபும் விதியும் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. கண்ணால் மதிப்பிட்டார்கள், கிளப்புகளைச் சுமக்கும் கேடியைக் கேட்டார்கள், காலடியால் அளந்தார்கள், அச்சிட்ட கையேட்டைப் புரட்டினார்கள். கடைசியாக வந்தவை லேசர் தூரமானியும் ஜிபிஎஸ் கருவியும். தொழில்முறைப் போட்டிகளில் இவற்றை அனுமதிக்கலாமா என்ற விவாதத்தை, இதற்கு முன் வந்த வழிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரியாக எடைபோட முடியும்.

கண்ணும் கேடியும்

கோல்ஃபுக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் விதிகள் 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், எடின்பரோ வீரர்களின் சங்கம் வகுத்தவை. அவை மொத்தம் 13. பந்தை எங்கிருந்து அடிக்கத் தொடங்குவது, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, தொலைந்தால் என்ன தண்டனை என்றெல்லாம் அவை பேசுகின்றன. தூரத்தை அளப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

காரணம், ஆட்டம் நடந்த நிலம். ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் மணல்மேடுகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் இறுகிய புல்வெளிகள்தான் முதல் மைதானங்கள். அங்கே பந்து விழுந்த இடத்தில் நிற்காது. துள்ளும், உருளும், மேட்டில் பட்டுத் திசை மாறும். கடற்காற்று ஒருபுறம் தள்ளும். இன்று காலை 120 கஜத்துக்கு உதவிய கிளப் மாலையில் 160 கஜத்துக்கும் உதவக்கூடும். இத்தகைய இடத்தில் குழி எத்தனை கஜத்தில் இருக்கிறது என்பதைவிட, பந்து எங்கே தரையில் பட்டு எவ்வளவு ஓடும் என்பதே பெரிய கேள்வி. அதற்கு விடை எண்ணில் கிடைப்பதில்லை. நிலத்தில் பழகிய கண்ணே அதைச் சொல்லும்.

அந்தக் கண் பல நேரங்களில் கேடியுடையதாக இருந்தது. கிளப்புகளைச் சுமந்து வரும் உள்ளூர்க்காரரான கேடி, அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான ஷாட்களைப் பார்த்தவர். எந்த மேட்டைக் குறிவைத்து அடிக்க வேண்டும், எந்தக் கிளப் போதும் என்பதை அவர் சொல்வார், வீரர் கேட்டுக்கொள்வார். ஆட்டத்தின் போது வீரர் பிறரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது, ஆனால் தன் கேடியிடம் கேட்கலாம் என்பது பின்னாளில் விதியாகவே நிலைத்தது. எனவே வீரர் தனியாக, எந்தத் துணையுமின்றித் தூரத்தைக் கணித்த பொற்காலம் என்று ஒன்று கோல்ஃபில் இருந்ததில்லை. தொடக்கம் முதலே அந்த அறிவு இருவருக்கிடையே பகிரப்பட்டது.

மைதானத்தை வடிவமைத்தவர்களும் இந்தக் கண்கணிப்பை ஆட்டத்தின் ஒரு சோதனையாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் முதன்மையானவர் அலிஸ்டர் மெக்கன்சி. போயர் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிய அவர், போயர் வீரர்கள் நிலத்தின் மேடுபள்ளங்களைப் பயன்படுத்தித் தங்களை மறைத்துக்கொண்ட முறையைக் கூர்ந்து கவனித்தார். முதல் உலகப்போரில் உருமறைப்புக் கலையில் ஈடுபட்டார். அந்த அறிவைப் பிறகு கோல்ஃப் மைதானங்களுக்குக் கொண்டுவந்தார். கிரீனுக்கு வெகுமுன்னால் வெட்டிய பங்கரின் விளிம்பை உயர்த்திவிட்டால், அதற்குப் பின்னாலுள்ள தரை கண்ணுக்கு மறைந்துபோகும். பங்கர் கிரீனை ஒட்டியிருப்பதாகத் தோன்றும். வீரர் தூரத்தைக் குறைவாக மதிப்பிட்டு ஏமாறுவார். அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸோடு இணைந்து மெக்கன்சி வடிவமைத்த அகஸ்டா நேஷனல் 1933-இல் திறக்கப்பட்டது. இத்தகைய மைதானங்களில் தூரத்தைக் கணிப்பது பந்தை அடிப்பதற்கு நிகரான திறமையாக இருந்தது.

எண்ணுக்கு மதிப்பு வந்த காலம்

தூரத்தை எண்ணாக அறிவதால் பயன் கிடைக்க வேண்டுமானால் அதற்கு முன் இரண்டு மாற்றங்கள் நேர வேண்டியிருந்தது. ஒன்று, ஒரு கிளப்பால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே தூரம் அடிக்க முடிய வேண்டும். மற்றொன்று, பந்து விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்க வேண்டும்.

முதல் மாற்றத்தை எஃகு கொண்டுவந்தது. ஹிக்கரி மரத்தண்டு பொருத்திய பழைய கிளப்புகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும், முறுகும். வீரர் தனக்குப் பிடித்த கிளப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பார். 1924-இல் அமெரிக்காவிலும் 1929-இல் பிரிட்டனிலும் எஃகுத் தண்டு சட்டபூர்வமானது. ஒரே சீரான தண்டுகள் தொழிற்சாலையில் உருவானதும், எண்ணிடப்பட்ட அயர்ன் கிளப்புகள் படிப்படியான தூர வேறுபாட்டோடு ஒரு தொகுப்பாக வந்தன. 1938-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ, பையில் 14 கிளப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பிட்டது. மறு ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸின் விதியமைப்பான ஆர் அண்ட் ஏ அதையே பின்பற்றியது. இதன் பிறகு ஒரு கிளப் என்பது ஒரு தூரம் என்றானது.

இரண்டாவது மாற்றம் அமெரிக்க மைதானங்களில் நிகழ்ந்தது. உள்நாட்டு மண்ணில், தெளிப்பான்களால் நீர் பாய்ச்சி வளர்த்த மென்மையான கிரீன்களில், உயரத்திலிருந்து இறங்கும் பந்து சில அடி தூரத்துக்குள் நின்றுவிடும். அங்கே பந்து காற்றில் எத்தனை கஜம் பறக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே துல்லியமான எண் தெரிந்தவருக்கு உண்மையான ஆதாயம் கிடைக்கத் தொடங்கியது. தூரம் அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டதன் காரணம் இதுவே.

காலடியால் அளந்தவர்கள்

1950-களில் கூடப் பெரும்பாலான முன்னணி வீரர்கள் கண்ணையும் அனுபவத்தையும் நம்பியே ஆடினார்கள். அந்தப் பத்தாண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த அமெச்சூர் வீரர் ஜீன் ஆண்ட்ரூஸ், மைதானத்தை முன்கூட்டியே காலடியால் அளந்து குறித்துவைத்துக்கொண்டு ஆடும் முறையைக் கடைப்பிடித்தார். மரம், பங்கர் விளிம்பு, பாதைத் திருப்பம் போன்ற நிலையான அடையாளங்களிலிருந்து கிரீன் வரை எத்தனை கஜம் என்று நடந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். போட்டியின்போது பந்துக்கு அருகிலுள்ள அடையாளத்தைப் பார்த்து, அதிலிருந்து சில காலடிகளைக் கூட்டியோ குறைத்தோ தூரத்தை அறிவார்.

இந்த முறையை அவரைப் பார்த்துக் கைக்கொண்டவர் மற்றோர் அமெரிக்க வீரரான டீன் பீமன். அவரிடமிருந்து அது ஜாக் நிக்லஸுக்குப் போனது. 1961-இல் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப்பின்போது, கடலோரக் காற்றிலும் வெட்டவெளியிலும் தூரத்தை மதிப்பிடச் சிரமப்பட்ட நிக்லஸ், பீமனின் யோசனைப்படி மைதானத்தை நடந்து அளந்து எழுதிக்கொண்டார். இறுதிப்போட்டியில் அவர் எட்டுக் குழிகள் முன்னிலையில், ஆறு குழிகள் மீதமிருக்கும்போதே வென்றார். அதன் பிறகு அளந்து ஆடுவதை அவர் கைவிடவே இல்லை. அடுத்த 25 ஆண்டுகளில், மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்களை வென்ற வீரர் ஒருவர் இப்படி ஆடுகிறார் என்றால் மற்றவர்கள் பின்பற்றாமல் இருப்பார்களா? 1960-களின் முடிவில் கையில் குறிப்பேட்டோடு ஆடும் தொழில்முறை வீரர்கள் பெருகிவிட்டார்கள்.

இதை எந்த விதியும் தடுக்கவில்லை. காலடி வீரருடையது, குறிப்பேடு அவர் எழுதியது, உழைப்பும் அவருடையது அல்லது அவருடைய கேடியுடையது. ஆனாலும் மெக்கன்சி போன்ற வடிவமைப்பாளர்கள் நிலத்தில் ஒளித்துவைத்த கண்மயக்கம் வலுவிழந்தது இந்தக் கட்டத்தில்தான். மறைந்த தரை கண்ணை ஏமாற்றலாம். எழுதிவைத்த எண்ணை ஏமாற்ற முடியாது.

கையேடு ஒரு தொழிலானது

குறிப்பேடு பரவியதும் கேடியின் வேலையும் மாறியது. போட்டி வாரத்தின் தொடக்கத்திலேயே மைதானத்துக்கு வந்து, ஒவ்வொரு குழியையும் நடந்து அளப்பது அவருடைய கடமைகளில் ஒன்றானது. தரையில் உருட்டிச் செல்லும் அளவுச் சக்கரமும் கைக்கு வந்தது. ஒரே மைதானத்தைப் பல கேடிகள் தனித்தனியே அளந்துகொண்டிருந்த நிலையில், ஒருவர் அளந்து அனைவருக்கும் விற்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. 1970-களின் நடுவில் ஜார்ஜ் லூகாஸ் என்ற கேடி, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரின் மைதானங்களுக்கு ‘யார்டேஜ் புக்’ எனப்படும் தூரக் கையேடுகளை வரைந்து அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம். அதில் கிரீனுக்குச் செல்லும் புல்பாதையான ஃபேர்வேயின் வடிவம், பங்கர்கள், மரங்கள், நீர்நிலைகள், தெளிப்பான் மூடிகள். ஒவ்வொன்றிலிருந்தும் கிரீனின் முன்விளிம்புக்கு உள்ள தூரம். ஐரோப்பியச் சுற்றிலும் இதே வகைக் கையேடுகள் வந்தன.

போட்டி அமைப்பாளர்களும் உதவிக்கு வந்தார்கள். ஒவ்வொரு நாள் காலையும் குழியின் இடம் மாறும் என்பதால், அது கிரீனின் முன்விளிம்பிலிருந்து எத்தனை காலடி உள்ளே, பக்கவாட்டு விளிம்பிலிருந்து எத்தனை காலடி தள்ளி என்று காட்டும் தாளை வீரர்களுக்குக் கொடுத்தார்கள். கையேட்டின் எண்ணோடு இந்தத் தாளின் எண்ணைக் கூட்டினால் குழிக்கான தூரம் கிடைத்துவிடும். பொது மைதானங்களிலும் 100, 150, 200 கஜத் தொலைவுகளில் வண்ண வட்டுகளும் கம்பங்களும் நடப்பட்டன. புல்லுக்கு நீர் பாய்ச்சப் பதித்த தெளிப்பான்களின் மூடிகள் மேலேயே தூர எண்கள் பொறிக்கப்பட்டன.

இவற்றின் விளைவாக, லேசர் கருவி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொழில்முறை வீரர் ஓரிரு கஜத் துல்லியத்தோடு தூரத்தை அறிந்து ஆடிக்கொண்டிருந்தார். பிந்தைய காலத்தில் அந்தக் கையேடுகளையே லேசர் கருவிகளால் அளந்து தயாரித்தார்கள். இன்றைய விவாதத்தில் மிகவும் கருத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுதான். கண்கணிப்பு என்ற கலை தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகத் தொடங்கியது காகிதத்தால்.

லேசரும் செயற்கைக்கோளும்

லேசர் ஒளி முதன்முதலில் 1960-இல் உருவாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ராணுவங்கள் அதைத் தூரம் அளக்கப் பயன்படுத்தின. தத்துவம் எளிது. கருவி ஓர் ஒளித்துடிப்பை அனுப்பும். அது இலக்கில் பட்டுத் திரும்பும். சென்று திரும்ப ஆன நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படும். 150 மீட்டர் தொலைவிலுள்ள கொடிக்கம்பத்துக்குச் சென்று திரும்ப ஒளிக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளக்கும் மின்னணுப் பாகங்கள் மலிவானதும், 1990-களில் வேட்டைக்காரர்களுக்கும் கோல்ஃப் ஆடுபவர்களுக்குமான கைக்கருவிகள் கடைக்கு வந்தன. புஷ்னெல் நிறுவனத்தின் கருவிகள் அவற்றில் பரவலாக அறியப்பட்டவை.

ஜிபிஎஸ் வேறு வழியில் வந்தது. அமெரிக்க அரசு குடிமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை பிழை இருக்கக்கூடிய கைக்கருவி சட்டென்று சில மீட்டர் துல்லியத்துக்கு வந்தது. மைதானத்தின் வரைபடத்தை நினைவகத்தில் வைத்து, நிற்கும் இடத்திலிருந்து கிரீனின் முன், நடு, பின் விளிம்புகளுக்கு உள்ள தூரத்தைக் காட்டும் கோல்ஃப் கருவிகள் அடுத்த சில ஆண்டுகளில் பெருகின.

இரண்டு கருவிகளும் ஒன்றல்ல. லேசர், கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளுக்கான தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும். மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கொடியைச் சொல்லாது. ஜிபிஎஸ், மறைந்த கிரீனையும் சொல்லும். ஆனால் அன்றைய குழியின் இடத்தைத் தானாக அறியாது. தொழில்முறைப் போட்டிகளில் பேசப்படுவது பெரும்பாலும் லேசர்தான்.

தடையிலிருந்து அனுமதிக்கு

பழைய விதிநூலின் 14-3 விதி, தூரத்தை அளக்கச் செயற்கைக் கருவி எதையும் ஆட்டத்தின்போது பயன்படுத்தக் கூடாது என்றது. மீறியவருக்குத் தகுதிநீக்கம். கேடி, குறிப்பேடு, அளவுக் குறியீடுகள் யாவும் அனுமதிக்கப்பட்டிருந்தன. அளக்கும் செயல் முன்கூட்டியே முடிந்திருந்தால் தவறில்லை, ஆட்டத்தின் நடுவே கருவியால் அளந்தால் குற்றம் என்பதே அன்றைய கோடு.

2006-இல் அந்தக் கோடு முதன்முறையாக நகர்ந்தது. போட்டி நடத்தும் குழு விரும்பினால் உள்ளூர் விதி ஒன்றைப் பிறப்பித்து, தூரத்தை மட்டும் அளக்கும் கருவியை அனுமதிக்கலாம் என்று ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் ஏற்றன. கிளப் அளவிலான போட்டிகளிலும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளிலும் லேசர் கருவி இயல்பான ஒன்றானது. 2008-இல், தூரம் பற்றிய தகவல் ‘ஆலோசனை’ ஆகாது என்று விதி திருத்தப்பட்டது. இதன்படி எதிராளியிடமே குழிக்கு எத்தனை கஜம் என்று கேட்கலாம்; எந்தக் கிளப்பால் அடித்தாய் என்று கேட்பது மட்டும் குற்றமாக நீடித்தது. 2014 முதல் யுஎஸ்ஜிஏ தன் அமெச்சூர் சாம்பியன்ஷிப்களில் கருவிகளை அனுமதித்தது. 2016-இல், சரிவையும் அளக்கவல்ல கருவியாக இருந்தாலும் அந்த வசதியைப் பயன்படுத்தாதவரை கையில் வைத்திருக்கலாம் என்று தளர்த்தப்பட்டது.

2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதிநூல், 34 விதிகளை 24 ஆகச் சுருக்கியது. தூரமானி பற்றிய நிலையை அது தலைகீழாக மாற்றியது. அதன் 4.3 விதிப்படி தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு என்பதே பொது நிலை. வேண்டாம் என்று நினைக்கும் போட்டிக் குழு உள்ளூர் விதியால் தடை செய்யலாம். ஏற்ற இறக்கத்தை அளப்பதும், கருவியால் காற்றின் வேகத்தை அளப்பதும், எந்தக் கிளப்பை எடுக்கலாம் என்று கருவியிடம் பரிந்துரை பெறுவதும் எந்தப் போட்டியிலும் கூடாது. முதல் மீறலுக்குத் தண்டனை இரண்டு ஷாட்கள். மீண்டும் மீறினால் தகுதிநீக்கம். உலகின் சாதாரண வீரர்கள் அனைவருக்கும் கருவி அனுமதியானது. முன்னணித் தொழில்முறைச் சுற்றுகள் மட்டும் உள்ளூர் விதியைக் கொண்டு தடையைத் தொடர்ந்தன.

கியாவா தீவு, 2021

தொழில்முறைச் சுற்றுகளும் சோதித்துப் பார்க்காமல் இல்லை. பிஜிஏ டூர் 2017-இல் தன் இரண்டாம் நிலைச் சுற்றின் சில போட்டிகளில் கருவிகளை அனுமதித்துப் பார்த்தது. முதன்மைச் சுற்றில் எதையும் மாற்றவில்லை. பெரிய மாற்றம் வேறோர் அமைப்பிடமிருந்து வந்தது. பிஜிஏ சாம்பியன்ஷிப், மகளிர் பிஜிஏ சாம்பியன்ஷிப், மூத்தோர் பிஜிஏ சாம்பியன்ஷிப் ஆகிய மூன்றிலும் தூரமானியை அனுமதிப்பதாக, அவற்றை நடத்தும் பிஜிஏ ஆஃப் அமெரிக்கா 2021 பிப்ரவரியில் அறிவித்தது. ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவது நோக்கமாகச் சொல்லப்பட்டது. அந்த மே மாதம் தென் கரோலினாவின் கியாவா தீவிலுள்ள ஓஷன் கோர்ஸில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப், லேசர் கருவி அனுமதிக்கப்பட்ட முதல் ஆண்கள் மேஜர் போட்டியானது. ஐம்பது வயது ஃபில் மிக்கெல்சன் அங்கே வென்று, மேஜர் பட்டம் வென்றவர்களில் மிக மூத்தவர் என்ற பெருமையைப் பெற்றார்.

எதிர்பார்த்த வேகம் கிடைக்கவில்லை. அதற்கான காரணம் தொழில்முறை வீரர் தூரத்தைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. வார இறுதியில் ஆடும் சாதாரண வீரருக்குக் கொடிக்கம்பத்தின் தூரம் ஒன்றே போதும். தொழில்முறை வீரருக்கு அது பல எண்களில் ஒன்று. முன்னால் உள்ள பங்கரைத் தாண்ட எத்தனை கஜம், கிரீனின் முன்விளிம்புக்கு எத்தனை, குழிக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்பவை தெரிந்த பிறகே பந்து எங்கே விழ வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். பங்கரின் மறுவிளிம்பும் கிரீனின் விளிம்பும் லேசருக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே கேடிகள் கருவியில் பார்த்ததைக் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். ஒரு வேலை இரண்டானது.

கருவி தெளிவாக உதவும் இடம் ஒன்று உண்டு. பந்து பாதையை விட்டு வெகுதூரம் விலகிப் பக்கத்துக் குழியின் ஃபேர்வேயிலோ மரங்களுக்கு நடுவிலோ கிடக்கும்போது, கையேட்டில் அந்த இடத்துக்கு எண் இருக்காது. முன்பெல்லாம் கேடி அருகிலுள்ள தெளிப்பானைத் தேடி நடந்து, காலடி எண்ணித் திரும்பி வர வேண்டும். இப்போது சில விநாடிகளில் முடிந்துவிடும்.

அதே 2021-இல் எல்பிஜிஏ மகளிர் சுற்றும் கருவிகளை அனுமதித்தது. மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன், பிரிட்டனின் ஓபன் சாம்பியன்ஷிப் ஆகிய மூன்று ஆண்கள் மேஜர்களும் அந்த வழியைப் பின்பற்றவில்லை. மெதுவான ஆட்டம் பற்றிய ரசிகர்களின் குறை வலுத்தபோது பிஜிஏ டூர் மீண்டும் இந்தக் கேள்விக்குத் திரும்பியது. 2025 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை ஆறு போட்டிகளில் தூரமானியைச் சோதனையாக அனுமதித்தது. ஹில்டன் ஹெட் தீவில் நடந்த ஆர்பிசி ஹெரிடேஜ் அவற்றுள் ஒன்று.

எதிர்ப்பும் ஆதரவும்

கருவியை எதிர்ப்பவர்களின் முதல் வாதம் திறமை பற்றியது. தூரத்தை மதிப்பிடுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. அதைக் கருவியிடம் ஒப்படைத்தால் நிலத்தைப் படிக்கும் அறிவு மங்கிவிடும் என்பார்கள். இரண்டாவது வாதம் உழைப்பு பற்றியது. வாரத் தொடக்கத்தில் வெயிலிலும் மழையிலும் மைதானத்தை நடந்து அளந்த கேடியின் ஆதாயம், கருவி வைத்திருக்கும் எவருக்கும் கிடைத்துவிடுகிறது. எண்களைக் கூட்டிக் கழிப்பதில் நெருக்கடியில் பிழை செய்யாமலிருப்பதும் ஒரு திறமைதான், அதுவும் போய்விடுகிறது. மூன்றாவது வாதம் வழுக்குப் பாதை பற்றியது. இன்று தூரம், நாளை சரிவு, அதற்கு மறுநாள் காற்று, முடிவில் எந்தக் கிளப் என்பதையும் கருவியே சொல்லிவிடும்.

ஆதரிப்பவர்களின் வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. தகவல் ஏற்கெனவே கையேட்டில் இருக்கிறது. கருவி அதை விரைவாகத் தருகிறது. பெரிய வீரர்களின் அனுபவமிக்க கேடிகளுக்கும், புதிதாகச் சுற்றுக்கு வந்தவர் அழைத்துவரும் கேடிக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு இதனால் குறைகிறது. இளையோர் போட்டியிலும் கல்லூரியிலும் லேசரோடு ஆடிப் பழகியவர்கள் தொழில்முறைக்கு வந்ததும் அதைக் கீழே வைக்க வேண்டியிருப்பதற்கு நியாயமில்லை. மேலும், பிஜிஏ டூர் 2000-களின் தொடக்கத்திலிருந்து ‘ஷாட்லிங்க்’ என்ற ஏற்பாட்டின் மூலம் ஒவ்வொரு ஷாட்டின் தூரத்தையும் அளந்து தொலைக்காட்சிப் பார்வையாளர்களுக்குக் காட்டி வருகிறது. வீட்டில் இருப்பவருக்குத் தெரியும் எண்ணைப் பந்தின் அருகில் நிற்பவர் காலடி எண்ணித் தேட வேண்டும் என்பது பொருத்தமாக இல்லை.

இந்த இரு தரப்பையும் வரலாற்றின் முன் வைத்துப் பார்த்தால், திறமை பற்றிய வாதம் இலக்குத் தவறியதாகத் தெரிகிறது. அது காக்க விரும்பும் கண்கணிப்பு மதிப்புமிக்கதுதான்; ஆனால் தொழில்முறை ஆட்டம் அதை 1960-களிலேயே பின்னுக்குத் தள்ளிவிட்டது. லேசரால் அளந்து அச்சிட்ட கையேட்டை அனுமதித்துக்கொண்டு லேசரை மட்டும் தடுப்பது, அறிவை அனுமதித்து அதை விரைவாகப் பெறும் வழியை மட்டும் தண்டிப்பதாகும். கண்கணிப்பை மீட்க வேண்டும் என்று உண்மையாக விரும்புபவர் கையேட்டையும், குழியின் இடம் காட்டும் தாளையும், தெளிப்பான் மூடியின் எண்ணையும் சேர்த்து விலக்கக் கோர வேண்டும். எந்த முதன்மைச் சுற்றும் அதற்கு ஆயத்தமாக இல்லை. மறுபக்கத்தில், வேகம் பற்றிய வாதமும் சொல்லப்பட்ட அளவுக்கு வலுவானதல்ல என்பதைக் கியாவா அனுபவம் காட்டுகிறது. தொழில்முறை ஆட்டம் மெதுவாக இருப்பதற்குத் தூரம் தெரியாதது முதல் காரணம் அல்ல. தூரம் தெரிந்த பிறகு நடக்கும் ஆலோசனைதான் நேரத்தைத் தின்கிறது.

வழுக்குப் பாதை பற்றிய எச்சரிக்கை மட்டும் முழு மரியாதைக்குரியது. அதற்கு விதியமைப்பாளர்கள் செயலாலேயே விடை சொல்லியிருக்கிறார்கள். 2019-இல் தூரமானியை அனுமதித்த அதே விதிநூல், வீரர் பந்தை அடிக்க நிற்கும்போது கேடி பின்னால் நின்று திசை சரிபார்ப்பதைத் தடுத்தது. அதே ஆண்டில் கிரீனின் சரிவுகளை நுணுக்கமாகக் காட்டும் வரைபடங்களின் அளவுக்கு வரம்பு வந்தது. ஐந்து கஜத்தை ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்குக்கு மேல் பெரிதாகக் காட்டக் கூடாது. 2022 முதல் முன்னணிச் சுற்றுகள் உள்ளூர் விதி ஒன்றின் மூலம், போட்டிக் குழு ஒப்புதல் அளித்த கையேட்டை மட்டுமே பயன்படுத்தலாம் என்று இன்னும் இறுக்கின. குழியை நோக்கி மெல்லத் தட்டும் கடைசி ஷாட்டுக்குச் சரிவைக் கண்ணாலும் காலாலும் உணர வேண்டும். அந்தத் திறமையைத் தாளிலிருந்து மீட்டு வீரரிடமே திருப்பிக் கொடுப்பதே நோக்கம்.

கோடு விழும் இடம்

இந்த முடிவுகளைச் சேர்த்து வாசித்தால் அவற்றுக்கு அடியில் ஒரே கொள்கை ஓடுவது புலப்படும். அளந்தால் எல்லோருக்கும் ஒரே விடை வரும் உண்மை ஒருபுறம். வீரர் தானே எடைபோட்டு எடுக்க வேண்டிய முடிவு மறுபுறம். குழி 152 கஜத்தில் இருக்கிறது என்பது முதல் வகை. அதை யார் அளந்தாலும், எதனால் அளந்தாலும் மாறாது. எதிர்க்காற்று எத்தனை கஜத்தைக் குறைக்கும், குளிர்ந்த காலையில் பந்து எவ்வளவு குறைவாகப் பறக்கும், கொலராடோ போன்ற உயர்ந்த நிலத்தின் மெல்லிய காற்றில் எவ்வளவு கூடுதலாகப் பறக்கும், கிரீன் மேட்டில் இருந்தால் எந்தக் கிளப், குழியை நேராகக் குறிவைப்பதா, பாதுகாப்பாகக் கிரீனின் நடுவைக் குறிவைப்பதா என்பவை இரண்டாம் வகை. தொழில்முறை கோல்ஃபின் அழகு இந்த இரண்டாம் வகையில் இருக்கிறது. அங்கே வீரரும் கேடியும் எடுக்கும் முடிவுகளே வெற்றி தோல்வியை வகுக்கின்றன.

ஆகவே தூரத்தை மட்டும் சொல்லும் கருவியைத் தொழில்முறைப் போட்டிகளில் அனுமதிப்பது ஆட்டத்தின் மரபுக்கு முரணானதல்ல. கேடியின் கண்ணிலிருந்து குறிப்பேட்டுக்கும், குறிப்பேட்டிலிருந்து அச்சிட்ட கையேட்டுக்கும் வந்த பயணத்தின் அடுத்த படி அது. அதோடு இரண்டு நிபந்தனைகள் உறுதியாக நிற்க வேண்டும். சரிவு, காற்று, கிளப் பரிந்துரை ஆகியவற்றைத் தரும் வசதிகள் மீதான தடை தளரக் கூடாது. கருவியில் அவை அணைக்கப்பட்டிருப்பது கேடிக்கும் எதிராளிக்கும் நடுவருக்கும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். மேலும், ஒரே சுற்றில் அனைத்து வீரர்களுக்கும் ஒரே விதி பொருந்த வேண்டும். போட்டிக்குப் போட்டி விதி மாறும் இன்றைய நிலை வீரர்களுக்குக் குழப்பத்தையும், தவறுதலாக நேரும் தண்டனைகளையும் மட்டுமே தரும். மாஸ்டர்ஸ் போன்ற போட்டி தன் மைதானத்தின் இயல்பைக் கருதித் தடையைத் தொடர விரும்பினால், 2019 விதிநூல் அதற்கும் இடம் தருகிறது. அந்த உரிமையைக் காத்துக்கொண்டே முதன்மைச் சுற்றுகள் பொது விதியோடு இணைவது இப்போது நியாயமான அடுத்த நடவடிக்கையாகும்.